நடக்க வைப்போரும் புரட்டிப் போடுவோரும்

"எழும்பி நடப்பானோ?"

முள்ளந்தண்டில் அடிபட்ட ஒருவனைப் பற்றி எங்கள் சனம் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான். மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்கமாட்டார்கள். குண்டியிலும் குதிக்காலிலும் புண் இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள். இரவில் அவனை யார் புரட்டிப் போடுகிறார்கள், அப்படிப் புரட்டுகிறவருக்கு என்ன வயது, அவர் எப்போது நித்திரை கொள்கிறார் என்று கேட்கவே மாட்டார்கள். நடப்பானா, மாட்டானா. நடப்பான் என்றால் காசு தருவார்கள். மாட்டான் என்றால் "பாவம்" என்பார்கள். பாவம் என்ற சொல்லுக்குச் செலவில்லை.

சென்ற மாதம் இங்கே லுசேர்னில் ஒரு தமிழ்க் கடையின் காசு மேசையில் ஒரு துண்டுப்பிரசுரம் அடுக்கியிருந்தது. இடப்பக்கம் சக்கர நாற்காலியில் ஒரு பெடியன். வலப்பக்கம் உதிக்கிற சூரியனை நோக்கி நடந்துபோகும் ஒரு நிழலுருவம். கீழே வங்கிக் கணக்கு இலக்கம். இந்தியாவில் ஒரு நகரத்தில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாம். மூன்று கிழமை போதுமாம். இன்னும் பதினையாயிரம் பிராங் சேர்ந்தால் பெடியன் எழும்பி நடப்பானாம். கடைக்காரர் எனக்கும் ஒன்று எடுத்துத் தந்து, "தம்பி, நல்ல காரியம், விடாதையும்" என்றார்.

அந்தத் துண்டுப்பிரசுரத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிறவன் வைத்தியன் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் விலங்கியல் படித்துவிட்டு, பரீட்சை எழுதாமல் ஓடிவந்து, பன்னிரண்டு வருடமாக ஒரு ரெஸ்ரோரன்ட் குசினியில் நிற்கிறவன். ஆனால் இந்த விடயத்தில் எனக்குப் பேச உரிமையுண்டு. ஏனெனில் இதே போன்ற ஒரு துண்டுப்பிரசுரத்தை 2018 இல் எழுதியவன் நான்.

என் பெரியம்மாவின் மகன். நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். 2009 மாசியில் மாத்தளனில் ஷெல் துண்டு ஒன்று முதுகில் பாய்ந்தது. ஒரு சாரத்தின் நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முள்ளந்தண்டில் அடிபட்டவனை அப்படித் தூக்கக்கூடாது. ஷெல் விழுகிற இடத்தில் அதை யாருக்குச் சொல்வது? செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். தொப்புளுக்குக் கீழே உணர்ச்சியில்லை. அங்கே ஒரு மிஸ்ஸி, சிங்களப் பெண், உடைந்த தமிழில் பெரியம்மாவுக்கு இரண்டு விடயங்கள் சொல்லிக் கொடுத்தா. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டு. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டு ரியூப் வைத்து மூத்திரம் எடு. பெரியம்மா இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டா. முகாமிலும் செய்தா, பிறகு கிளிநொச்சியில் தகரக் கொட்டிலிலும் செய்தா, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டிலும் செய்தா. பத்து வருடம். ஐந்தாம் வகுப்பு வரை படித்த மனுசி. ஒரு புண் வரவில்லை.

2018 புரட்டாதியிலும் ஐப்பசியிலும் இரண்டு செய்திகள் உலகமெல்லாம் ஓடின. அமெரிக்காவில் லூயிவில் என்ற ஊரிலும் இங்கே லோசானிலும், முள்ளந்தண்டு வடத்தின்மேல் மின்வாய்கள் பொருத்தி, நடக்கமுடியாதிருந்தவர்களை நடக்க வைத்தார்கள் என்று. என் தொலைபேசி ஓயவில்லை. "நீர் கம்பஸிலை படிச்சனீர், சொல்லும் தம்பி, எங்கடை பெடியன் எழும்பி நடப்பானோ?" நான் அந்த ஆய்வுகளை வாசிக்கவில்லை. தலைப்புகளை வாசித்தேன். "விஞ்ஞானம் முன்னேறிவிட்டது" என்றேன். மின்வாய் வேறு, ஸ்டெம் செல் ஊசி வேறு என்பதுகூட அந்தப் பேச்சில் கரைந்துபோயிற்று. யாரோ ஒரு கிளினிக்கின் முகவரி கொண்டுவந்தார்கள். ஐந்து மாதத்தில் பதினொராயிரத்து நானூறு பிராங் சேர்த்தோம். கணக்குக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. என் பெயருக்கு நேரே ஐந்நூறு.

பிறகு ஆறுதலாக வாசித்தேன். லூயிவிலில் நால்வருக்குப் பொருத்தினார்கள். தரையில் நடந்தவர்கள் இருவர், அதுவும் கைத்தாங்கலோடு. அவர்களில் ஒருவருக்கு அதற்கு 85 வாரங்களில் 278 பயிற்சிகள் தேவைப்பட்டன. இன்னொருவருக்குப் பயிற்சியின்போது இடுப்பெலும்பு முறிந்தது. லோசானில் அந்த முதற் கட்டுரையில் இருந்த மூவருக்கும் வடம் முழுதாக அறுந்திருக்கவில்லை. இவையெல்லாம் அதே கட்டுரைகளில், மறைக்காமல், எழுதப்பட்டிருந்தன. விஞ்ஞானிகள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்.

அண்ணையுடன் பெரியம்மா போகவில்லை. கடவுச்சீட்டு இல்லை, எடுக்க நேரமில்லை, இரண்டாவது ரிக்கற்றுக்குக் காசை வீணாக்குவானேன் என்று எங்களில் ஒருவர் சொன்னார். கனடாவிலிருந்து வந்த ஒரு மருமகன் கூடப் போனார். நல்ல பிள்ளை. ஆனால் அவருக்குப் புரட்டத் தெரியாது. கிளினிக்கில் ஊசி போட்டார்கள், படம் பிடித்தார்கள், மின்சாரம் பிடித்தார்கள். இரவில் புரட்டவில்லை. மூன்று கிழமையால் திரும்பி வந்தபோது குண்டியெலும்புக்கு மேலே ஒரு சிவப்புத் தழும்பு. அது கறுத்தது, குழிந்தது, எலும்பு தெரிந்தது. 2019 கார்த்திகையில் கிருமி இரத்தத்தில் ஏறிச் செத்துப்போனார். அவரைப் பத்து வருடம் உயிரோடு வைத்திருந்த ஒரேயொரு வைத்தியத்தை நாங்கள் வீட்டில் விட்டுவிட்டு, விமானமேற்றி அனுப்பியிருந்தோம்.

கிளினிக்கை மட்டும் திட்டிவிட்டு இந்தக் கதையை முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

படுக்கைப் புண் என்பது அழுக்கினால் வருவதென்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். அல்ல. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே சதை நசிபட்டு, இரத்தம் ஓடாமல் அழுகுவது அது. நித்திரையில் நாம் எத்தனை தடவை புரளுகிறோம் என்று எமக்கே தெரியாது. உடம்பு நோகிறது, தானே புரளுகிறது. நோ தெரியாத உடம்பு புரளாது. அதற்குப் பதில் இன்னொருவர் நோவை உணரவேண்டும், மணிக்கூட்டைப் பார்த்து. இதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு அகதியின் கதையைச் சொல்லவேண்டும்.

லுட்விக் குட்மான். ஜெர்மன் யூதர், நரம்பியல் வைத்தியர். 1933 இல் நாஜிகள் வந்ததும் வேலை போயிற்று. பிரெஸ்லவ் நகரின் யூத வைத்தியசாலையில் வேலை செய்தார். 1938 கார்த்திகையில் யூதர்களின் கடைகளும் கோயில்களும் எரிந்த இரவில், வாசலுக்கு வருகிற எவரையும் கேள்வி கேட்காமல் அனுமதிக்கும்படி சொன்னார். அடுத்த நாள் இரகசியப் பொலிஸ் வந்தபோது கட்டில் கட்டிலாக நின்று ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைக் கண்டுபிடித்துச் சொன்னார். 64 பேரில் 60 பேர் தப்பினார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. 1939 இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு அகதியாக ஓடினார். அங்கே ஒக்ஸ்போர்ட்டில் ஆய்வு செய்ய விட்டார்கள். நோயாளிகளை அவர் பொறுப்பில் விடவில்லை. படித்துவிட்டு வந்து கோப்பை கழுவுகிற எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1944 மாசியில் ஸ்டோக் மண்டெவில் என்ற இடத்தில் முள்ளந்தண்டு அடிபட்ட படையாட்களுக்கு ஒரு பிரிவு தொடங்கி அவரிடம் கொடுத்தார்கள். யாரும் விரும்பாத வேலை. அன்றைக்கு அப்படி அடிபட்டவர் சாகப்போகிறவர். எகிப்தின் பழைய மருத்துவச் சுவடி ஒன்று, ஏறத்தாழ 3600 வருடத்துக்கு முந்தியது, இத்தகைய காயத்தை வைத்தியம் செய்யக்கூடாத நோயென்று எழுதி வைத்திருக்கிறது. முதலாம் உலக யுத்தம் வரைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. புண்ணாலும் மூத்திரப்பைக் கிருமியாலும் பெரும்பாலோர் செத்தார்கள்.

குட்மான் மருந்தெதுவும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காலத்துச் சாந்துப் படுக்கைகளைத் தூக்கியெறிந்தார். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் புரட்டச் செய்தார். செய்கிறார்களா என்று நடுச்சாமத்தில் தானே வந்து பார்த்தார். மூத்திரப்பையைக் கவனித்தார். கட்டிலில் கிடந்தவர்களுக்கு வேலையும் விளையாட்டும் கொடுத்தார். 1948 ஆடி 29 இல், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். இன்றைய பராலிம்பிக் அதிலிருந்துதான் வளர்ந்தது. சாகவேண்டியவர்கள் பிழைத்தார்கள், வேலைக்குப் போனார்கள், கலியாணம் முடித்தார்கள். முள்ளந்தண்டு வைத்தியத்தின் மிகப் பெரிய பாய்ச்சல் இதுதான். இன்று வரைக்கும் இதற்கு நிகராக உயிர்களைக் காப்பாற்றிய ஊசி ஒன்று கிடையாது.

எங்கள் குசினியில் குளிர்ப்பெட்டிகளுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நாளுக்கு இரண்டு தடவை வெப்பநிலையை எழுதிக் கையொப்பமிடவேண்டும். யாரும் அதைப் பார்த்துக் கைதட்டுவதில்லை. ஒரு கிழமை எழுதாமல் விட்டால்தான் இறைச்சி பழுதாகிச் சனம் வாந்தி எடுக்கும். குட்மானின் புரட்சி அந்தத் தாளைப் போன்றது. தாளைப் படம் பிடித்து எவரும் நிதி சேர்க்கமுடியாது.

இரண்டாவது பெயர் ஜக் லப்பிடெஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மூத்திர உறுப்பு வைத்தியர். முள்ளந்தண்டு அடிபட்டவர்களைப் பின்னாளில் கொன்றது சிறுநீரகம். மூத்திரப்பை தானாக வெறுமையாகாது. நிரம்பி, விரிந்து, மேலே தள்ளி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிரந்தரமாக ரியூப் வைத்தால் கிருமி. குட்மானின் வைத்தியசாலையில் கிருமி நீக்கிய உபகரணங்களோடு விட்டுவிட்டு எடுத்தார்கள். அதை வீட்டில் எப்படிச் செய்வது? 1972 இல் லப்பிடெஸ் சொன்னார்: அறுவைக்கூடச் சுத்தம் தேவையில்லை, கழுவிய கையும் கழுவிய ரியூபும் போதும், நோயாளியே நாளுக்குப் பல தடவை எடுக்கலாம். பை விரிந்து நிற்க விடாமல் ஒழுங்காக வெறுமையாக்குவதே முக்கியம். சக வைத்தியர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் அதுதான் நடைமுறை. திருகோணமலை மிஸ்ஸி பெரியம்மாவுக்குச் சொன்ன இரண்டாவது விடயம் இதுதான். ஸ்டோக் மண்டெவிலும் மிச்சிகனும் ஒரு தகரக் கொட்டிலுக்குள் வந்து சேர்ந்திருந்தன. அது ஆராய்ச்சி என்று எமக்குத் தெரியவில்லை.

இனி, நடக்க வைக்கிறவர்களின் பக்கம்.

'சூப்பர்மான்' நடிகர் கிறிஸ்தோபர் றீவ் 1995 வைகாசியில் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்தார். நடப்பேன் என்றார். அவரால் ஆராய்ச்சிக்குக் கோடிகள் சேர்ந்தன, அதை மறுக்க முடியாது. 2000 இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் விளம்பரம் கணினி வித்தையால் அவரை எழும்பி நடக்க வைத்தது. அதைப் பார்த்துக் கொதித்து எழுதியவர்களில் ஒருவர் சார்ள்ஸ் க்ரௌதாமர். அவரும் மாணவப் பருவத்திலிருந்தே சக்கர நாற்காலியில் இருந்தவர், வைத்தியம் படித்தவர். அவருடைய வலதுசாரி அரசியலில் எனக்கு ஒரு துளி உடன்பாடும் இல்லை. ஆனால் இதில் அவர் பக்கம் நியாயமிருந்தது. புதிதாக அடிபட்டு, இனி இப்படித்தான் வாழவேண்டும் என்று பழகத் தொடங்குகிற பிள்ளைக்கு இந்தப் படம் என்ன சொல்கிறது? பழகாதே, காத்திரு என்று சொல்கிறது. றீவ் 2004 ஐப்பசியில் இறந்தார். படுக்கைப் புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தபோது இதயம் நின்றது. உலகத்திலேயே சிறந்த கவனிப்பு கிடைத்தவருக்கே அந்தப் புண் வந்தது. அது எவ்வளவு பொல்லாத எதிரி என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? நியாயமாகச் சொல்வதானால், அவருடைய மனைவியின் முயற்சியால் அந்த நிறுவனம் நாளாந்த வாழ்க்கைக்கும் காசு கொடுக்கத் தொடங்கியது. அது பத்திரிகைகளில் பெரிதாக வரவில்லை.

1990 இல் ஒரு ஸ்டெரொயிட் மருந்தை எட்டு மணித்தியாலத்துக்குள் பெருமளவில் ஏற்றினால் கொஞ்சம் நன்மையுண்டு என்று ஒரு அமெரிக்கப் பரிசோதனை சொன்னது. இருபது வருடமாக உலகெங்கும் ஏற்றினார்கள். 2013 இல் அமெரிக்க நரம்பு அறுவை வைத்தியர் சங்கங்கள் அதைக் கொடுக்கவேண்டாம் என்று வழிகாட்டின. 2010 ஐப்பசியில் ஜெரோன் என்ற கம்பனி, கருவிலிருந்து எடுத்த மூலக்கலங்களை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றியது. 2011 கார்த்திகையில், நிதி நெருக்கடி, புற்றுநோய் மருந்துகளில் கவனம் செலுத்தப்போகிறோம் என்று கைவிட்டது. பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்த மனிதர்களுக்குப் பங்குச் சந்தையில் வாக்குரிமை இல்லை. 2018 மார்கழியில் யப்பான் 13 பேரின் தரவை மட்டும் வைத்து ஒரு மூலக்கல வைத்தியத்தை நிபந்தனையுடன் அனுமதித்தது. ஒப்பிட ஒரு குழுவும் இருக்கவில்லை. உலக விஞ்ஞானிகள் பலர் கண்டித்தார்கள்.

இவற்றைச் சொல்வதால் நான் ஆராய்ச்சிக்கு எதிரானவன் அல்ல. ஆராய்ச்சி தடக்கி விழுந்து எழும்பித்தான் போகும். விழுந்ததைச் சொல்லிக்கொண்டு போகும். ஸ்டெம் செல் கிளினிக் விழுந்ததைச் சொல்லாது. உண்மையான பரிசோதனையில் நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 2017 இல் எழுதிய வழிகாட்டியில், இரத்தம் சம்பந்தமான சில நோய்களைத் தவிர, மூலக்கலங்களை அனுமதி பெற்ற பரிசோதனைக்கு வெளியே ஏற்றக்கூடாது என்கிறது. நாங்கள் பதினொராயிரத்து நானூறு பிராங் கொடுத்தோம். அந்தக் காசைக் கேட்ட கணமே கதவை மூடியிருக்கவேண்டும். ஒரு பெண்ணுக்கு மூக்கின் உட்தோலிலிருந்து எடுத்த திசுவை முள்ளந்தண்டில் வைத்தார்கள். எட்டு வருடத்தின் பின் அங்கே ஒரு கட்டி வளர்ந்து சளி சுரந்துகொண்டிருந்தது. அமெரிக்க வைத்தியர்கள் அதை வெட்டியெடுத்து 2014 இல் எழுதினார்கள். ஒன்றும் பலிக்காவிட்டாலும் கேடில்லை என்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடிபட்டவர்களிடமே கேட்டுப் பார்த்தார்களா? கேட்டார்கள். கேட்டவர் கிம் அண்டர்சன் என்ற ஆய்வாளர், அவரும் முள்ளந்தண்டு அடிபட்டவர். 2004 இல் வெளியான அவரது ஆய்வில் 681 பேர் பதில் சொன்னார்கள். எது திரும்பக் கிடைத்தால் உன் வாழ்க்கை அதிகம் மாறும்? கழுத்தில் அடிபட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கையும் விரலும் என்றார்கள். கீழே அடிபட்டவர்களில் அதிகம் பேர் முதலாவதாகச் சொன்னது பாலுறவு. மலமும் மூத்திரமும் இரு பகுதியினருக்கும் முக்கியமாயிருந்தன. நடை முதலிடத்தில் இல்லை. சக்கரம் நடைக்குப் பதிலாகும். தானாகக் கரண்டி பிடிக்க முடியாததற்கும், சபை நடுவில் மலம் போய்விடுமோ என்ற பயத்துக்கும் என்ன பதில்?

பாலுறவு என்ற சொல்லை எழுதியதும் இந்தப் பக்கத்தை மூடிவிடுகிற வாசகர்கள் இருப்பார்கள் என்று தெரியும். அண்ணைக்கு அடிபட்டபோது 27 வயது. அவருக்கு அந்த ஆசை இருந்ததா, ஏதாவது வழியுண்டா என்று ஒரு வைத்தியரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வழிகள் உண்டு. இவ்வாறு அடிபட்ட பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள். ஆண்கள் வைத்திய உதவியோடு தகப்பனாகிறார்கள். எங்களுக்கோ, நடக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் மனிதன்.

எங்கள் ரெஸ்ரோரன்ட்டுக்கு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு சுவிஸ்காரர் சக்கர நாற்காலியில் வருவார். பக்கத்தில் நொட்வில் இருக்கிறது. 1990 இல் திறந்த பெரிய முள்ளந்தண்டு நிலையம், அங்கே பழகி வெளியே வந்தவர்கள் இந்தப் பகுதியில் நிறைய. சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் இடைக்கிடை இரண்டு கையையும் ஊன்றித் தன் உடம்பை நாற்காலியிலிருந்து தூக்கிப் பிடிப்பார். கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு இறங்குவார். கதையை நிறுத்தாமலே செய்வார். முதலில் ஏதோ பழக்கதோஷம் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, குண்டியில் இரத்தம் ஓட விடுகிறார். யாரும் புரட்டத் தேவையில்லாத, தன்னைத் தானே புரட்டிக்கொள்கிற மனிதன். அவருக்கு வேலை இருக்கிறது, காப்புறுதி இருக்கிறது, நல்ல இருக்கை மெத்தை இருக்கிறது, எங்கள் மலசலகூடத்துக்குள் நாற்காலி போகும் அகலத்தில் கதவு இருக்கிறது. அவர் நடக்கவில்லை. அவரைப் பார்த்துப் பாவம் என்று எவரும் சொல்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட அறிக்கை, இந்த நொட்வில் ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதியது. ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் முதல் ஐந்து இலட்சம் பேர் முள்ளந்தண்டு வடத்தில் பாதிக்கப்படுவதாகவும், அவர்கள் மற்றவர்களைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு முந்திச் சாகும் அபாயமுள்ளவர்கள் என்றும், வறிய நாடுகளில் நிலைமை மோசமென்றும் அது சொல்கிறது. தேவையான உபகரணங்கள் இந்நாடுகளில் 5 முதல் 15 வீதமானோருக்கே கிடைக்கின்றன. தடுக்கக்கூடிய காரணங்களால் சாகிறார்கள். அறுந்த வடத்தால் அல்ல.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு ஆய்வையும் எழுதத்தான் வேண்டும். பங்களாதேஷில், சாவாரில், வலறி ரெய்லர் என்ற ஆங்கிலப் பெண் 1979 இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வீடு திரும்பிய 410 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு இரண்டு வருடத்தில் 36 தொலைபேசி அழைப்புகளும் மூன்று வீட்டு வருகைகளும். மற்றவர்களுக்கு வழமையான கவனிப்பு. 2021 இல் முடிவு வந்தது: ஒரு பக்கம் 15 பேர், மறுபக்கம் 16 பேர் செத்திருந்தார்கள். வித்தியாசமில்லை. பராமரிப்பு பராமரிப்பு என்று கத்துகிற எனக்கு இது முகத்தில் விழுந்த அடி. இரு பகுதியினரும் அந்த நிலையத்தில் நல்ல பயிற்சி பெற்றுப் போனவர்கள் என்பது ஒரு விளக்கம். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. தொலைபேசியில் புத்தி சொல்வது மெத்தையாகாது, உழைப்பில்லாத வீட்டுக்குச் சோறாகாது. நாங்களும் வைபரில் புத்தி சொல்கிறவர்கள்தானே.

"அப்ப எங்கடை பெடியளை நாற்காலியிலேயே இருக்கச் சொல்லுறீரோ?" என்று ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். இல்லை அண்ணை. 2024 இல் ஒரு முடிவு வந்தது. கழுத்துத் தோலின்மேல், வெட்டாமல், மின்வாய் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 60 பேரில் 72 வீதமானோருக்குக் கையின் பலமும் பாவனையும் கூடின. ஒப்பீட்டுக் குழு இல்லாதது குறைதான், ஆனால் அமெரிக்க அரசு அதே வருடம் மார்கழியில் அனுமதித்தது. நடையல்ல, கை. லோசான்காரரும் 2021 இல் அதே மின்வாய் வித்தையால் இரத்த அழுத்தம் விழாமல் பிடித்து வைப்பதை எழுதினார்கள். எழுப்பி இருத்தினால் மயங்கி விழுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! ஆராய்ச்சியாளர்கள் அடிபட்டவர்களின் சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். துண்டுப்பிரசுரம் அடிக்கிறவர்கள் இன்னும் கேட்கவில்லை.

இன்னொன்று. யுத்தத்துக்கு முன்பும் எங்கள் ஊர்களில் முள்ளந்தண்டு முறிந்தவர்கள் இருந்தார்கள். பனையால் விழுந்தவர்கள், தென்னையால் விழுந்தவர்கள். சீவல் தொழிலாளி விழுந்தால் அவன் வீட்டுத் திண்ணையில் கிடந்து அழுகிச் செத்தான். எந்த ஊர்ச் சங்கமும் காசு சேர்க்கவில்லை. யார் விழுந்தான் என்பதும் அன்று காரணம். இன்றும் மரத்தால் விழுகிறவர்கள் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களுடைய படம் எந்தப் பிரசுரத்திலும் வருவதில்லை. ஷெல் பட்டவனுக்குத் தியாகமுண்டு, மரத்தால் விழுந்தவனுக்கு விதி. புண் இரண்டு பேரிலும் ஒரே மாதிரித்தான் அழுகுகிறது.

மாங்குளத்தில் உயிரிழை என்று அடிபட்டவர்களே சேர்ந்து வைத்திருக்கிற ஒரு அமைப்பு இருக்கிறது. தங்களுக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டுப் பாருங்கள். இருக்கை மெத்தை, ரியூப், புண் கட்டும் துணி, மலசலகூடத்துக்குச் சாய்தளம் என்று சொல்லுவார்கள். ஊசி என்று சொல்கிறார்களா பாருங்கள். அத்தோடு நெஞ்சுக்கு மேலே அடிபட்டவர் வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்றைத் தெரிந்திருக்கவேண்டும்: திடீரென்று தலை வெடிப்பது போல் நோகிறது, முகம் சிவந்து வேர்க்கிறது என்றால், பெரும்பாலும் மூத்திரப்பை நிரம்பியோ மலம் இறுகியோ இரத்த அழுத்தம் பாய்கிறது. படுக்க வைக்கக்கூடாது. நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, ரியூப் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, மூத்திரத்தை எடுக்கவேண்டும். குறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. தெரியாத வீட்டில் மூளையில் இரத்தம் கசிந்து சாவார்கள். இதை ஒரு துண்டுப்பிரசுரத்தில் அடித்து ஊருக்கு அனுப்ப எவ்வளவு முடியும்?

பெரியம்மாவுக்கு இப்போது 71 வயது. இரவில் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழும்பி இருக்கிறாவாம், மச்சாள் சொன்னா.

அந்தக் கடைக்காரர் தந்த பிரசுரத்தில் கூட்டத்தின் திகதி போட்டிருக்கிறது. வருகிற சனி, மாலை ஆறு மணி. சனி எனக்கு இரவு வேலை. முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறேன். 2018 கணக்குக் கொப்பியையும் கொண்டுபோவேன். முதல் கேள்வியாக, அந்தப் பெடியனோடு யார் போகிறார், அவருக்குப் புரட்டத் தெரியுமா என்று கேட்கப்போகிறேன்.